பாட்டியின் சுருக்கமும் என் சன்ஸ்கிரீனும்

தீபம் முடிந்த வாரம். கூட்டம் வடிந்து, தேரடித் தெருவில் அறுந்த செருப்புகள் இன்னும் கிடந்த நாட்கள். ஒரு இளங்கவிஞர் தன் முதல் தொகுப்பை பென் டிரைவில் எடுத்துக்கொண்டு என் கடைக்கு வந்தார். திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஜெராக்ஸ், டிடிபி, ஸ்பைரல் பைண்டிங் செய்கிற சின்னக் கடை என்னுடையது. 20 வருஷமாக இந்த ஊர்க் கவிஞர்களின் ஒற்றுப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.

ஃபைல் திறக்கிற நேரத்தில் மவுஸ் பக்கத்தில் கிடந்த ட்யூபை அவர் எடுத்துப் பார்த்தார். சன்ஸ்கிரீன். சிரித்தார்.

"இன்னாக்கா, நீங்களுமா? நீங்கல்லாம் இதுல விழ மாட்டீங்கன்னு நெனச்சினு இருந்தேன்."

அப்போது நான் ஒன்றும் சொல்லவில்லை. திரையில் அவருடைய 48 கவிதைகள் இருந்தன. அதில் ஆறு, பாட்டியைப் பற்றியவை. ஆறிலும் பாட்டியின் முகச்சுருக்கம் வருகிறது. ஒன்றில் அது வறண்ட செய்யாறு, ஒன்றில் ஓலைச்சுவடி, ஒன்றில் மலையின் வெடிப்பு. மோசமான கவிதைகள் இல்லை. இரண்டு நன்றாகவே இருந்தன. ஆனால் பாட்டியின் சுருக்கத்தைக் கும்பிடுகிற கைதான் என் ட்யூபைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தது. அந்த "நீங்களுமா"வுக்குத்தான் இந்தக் கட்டுரை. இதை வாசிக்கிற உங்களில் பலருக்கும் 25, 30 வயதுதான் இருக்கும். உங்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

எனக்கு 47 வயது. கடை மேற்கு பார்த்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக உள்ளே வந்து கீபோர்டு மேல் உட்கார்ந்துவிடும். நான் உட்கார்கிற வாக்கில் வலது கன்னத்தில்தான் முதலில் மங்கு விழுந்தது, 43 வயதில். பிறகு இடது கன்னம், மேலுதடு. கூடவே தோலும் மாறியது. சின்ன வயதிலிருந்து பூசிய பயத்தமாவு எரிந்தது. சோப்பு எரிந்தது. மஞ்சள் பூசினால் அரிப்பு. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வந்து நின்றுபோகிற காலம் அது. இந்தியப் பெண்களுக்கு அது சராசரியாக 46, 47 வயதிலேயே வந்துவிடுகிறது. மாதவிலக்கு நின்ற முதல் ஐந்து வருஷத்தில் தோலின் கொலாஜனில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும், தோல் மெலியும், ஈரம் தங்காது, நேற்றுவரை ஒத்துக்கொண்டது இன்று ஒத்துக்கொள்ளாது. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லவில்லை. பெண்ணுக்கு வயதுக்கு வந்ததும் ஊரைக் கூட்டிப் பந்தல் போடுகிறோம். அது முடிகிற காலத்தில் பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடச் சொல்வதில்லை.

மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டேன். எந்தக் கடை என்று எழுத மாட்டேன், எல்லாக் கடையிலும் இதுதான். கல்லாவில் இருந்த தம்பி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "மங்குதானே அக்கா, இதப் போடுங்க, ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆயிடும்" என்று ஒரு சின்ன ட்யூப் கொடுத்தார். ஆச்சு. பத்து நாளில் பளிச்சென்று ஆச்சு. எரிச்சல் போச்சு, அரிப்பு போச்சு, கோடுகள்கூடக் கொஞ்சம் மங்கின மாதிரி இருந்தது. 'முகத்துல என்ன போடறீங்க?' என்று நாலு பேர் கேட்டார்கள். நானும் அந்த ட்யூபின் பெயரைச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு கலங்குகிறது. எத்தனை பேருக்குச் சொன்னேனோ.

இரண்டரை வருஷம் போட்டேன். நிறுத்தினால் மூன்றாம் நாள் முகம் செக்கச்செவேலென்று சிவந்து, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். உடனே மறுபடி போடுவேன். கடைசியில் ஜெராக்ஸ் மெஷினின் சூட்டுக்காற்று பட்டாலே தாங்காது என்கிற நிலை வந்தது. கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் தெரிந்தன. மீசைப் பக்கம் முடி கருத்தது. தோல் மருத்துவர் ட்யூபை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஸ்டீராய்டும்மா" என்றார். அவ்வளவு அலுப்பாகச் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அதையே சொல்கிறவர் குரல் அது.

நாட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2011இல் இந்தியத் தோல் மருத்துவர்கள் பல ஊர் மையங்களில் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தில் தோல் பிரச்சினை என்று வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்குப் பதினைந்து பேர் கணக்கு. பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று பெயர் மாறும், வேலை ஒன்றுதான். இதற்கென்றே ஒரு நோய்ப் பெயர் வைத்திருக்கிறார்கள்: ஸ்டீராய்டால் சேதமான முகம். 2018இல் மத்திய அரசு பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. ட்யூபில் சிவப்புக் கோடு போட்டு எச்சரிக்கையும் அச்சடிக்கிறார்கள். என் தம்பி எனக்குச் சீட்டு கேட்காமல் விற்றது அதற்குப் பிறகுதான்.

ஸ்டீராய்டைத் திட்டவில்லை, அது நல்ல மருந்து. எக்ஸிமாவுக்கும் சொரியாசிஸுக்கும் அது இல்லாமல் முடியாது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்து மங்குக்குப் பூசுகிற முறையை 1975இல் அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் எழுதிவைத்தார். மருத்துவர் கண்காணிப்பில், சில வாரங்களுக்கு. நம் ஊரில் அந்த 'சில வாரங்கள்' மட்டும் வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது.

ஸ்டீராய்டு தேவலாம் என்று சொல்லவைக்கிற சங்கதியும் இருக்கிறது. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை திடீரென்று ஒரு வகைச் சிறுநீரக நோய் கூடியது. கோட்டக்கல் மருத்துவர்கள் விசாரித்தபோது, அப்படி வந்தவர்களில் பலர் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். க்ரீமில் பாதரசம். மினமாட்டா உடன்படிக்கை அப்போது அழகுப்பொருளில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் கூடாது என்று வரம்பு வைத்திருந்தது. இந்த க்ரீம்களில் அது பல ஆயிரம் மடங்கு. முகத்தில் பூசியது சிறுநீரகத்தில் போய் நின்றிருக்கிறது.

இப்போது கவிஞருக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவர் என்னோடு வாதாடவும் செய்தார். நல்ல வாசிப்பு உள்ள பையன். "அவ்வையாரே பிள்ளையார்கிட்ட வேண்டிக் கிழவி ஆனாங்க. காரைக்கால் அம்மையார் பேயுரு கேட்டு வாங்கினாங்க. நம்ம மரபுல பெண் கவிஞர்கள் இளமையத் தூக்கி எறிஞ்சவங்கக்கா. மூப்பை இவ்ளோ கௌரவமா பாத்த மொழி வேற இல்ல."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கதைகளை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவ்வை ஏன் கிழவியாக வேண்டினாள்? கல்யாணம் பேசினார்கள், அவளுக்கு வேண்டாம், இளம்பெண்ணாக ஊர் ஊராய் நடக்க விடமாட்டார்கள். புனிதவதியைப் புருஷன் விட்டுவிட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவனுக்காகச் சுமந்த தசை இனி எதற்கு என்று அவள் உதறுகிறாள். சேக்கிழார் அப்படித்தான் சொல்கிறார். இரண்டு பேருக்கும் இளமையோடு தனியாக நடமாட வழியில்லை, அதனால் கழற்றி வைத்தார்கள். இதை மூப்பின் மகிமை என்று நீங்கள் வாசித்தால், ஊர் செய்த நெருக்கடியை விட்டுவிட்டு வரத்தை மட்டும் வாசிக்கிறீர்கள். அதிலும் முக்கியமான ஒன்று: அவர்கள் கேட்டு வாங்கினார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு வெயில் கொடுத்தது, மெடிக்கல் ஷாப் கொடுத்தது.

நவீன கவிதையிலும் இதே சங்கதிதான். பாட்டியின் சுருக்கம் பேரனுக்கு அழகு, ஏனென்றால் அது பேரனின் முகத்தில் இல்லை. அந்தச் சுருக்கத்தில் பாதி, மல்லாட்டை பிடுங்கவும் களை எடுக்கவும் குனிந்த முதுகுக்கு மேல் அடித்த வெயில். பாட்டியிடம் யாராவது கேட்டிருக்கிறோமா, "ஆயா, இது உனக்குப் புடிச்சிருக்கா?" என்று? என் ஆயாவிடம் நான் கேட்டதில்லை. ஆனால் அவள் டிரங்குப் பெட்டியில் ஒரு பாண்ட்ஸ் டப்பா இருந்தது. பவுடர் தீர்ந்து பல வருஷம் ஆகியும் மணத்துக்காக வைத்திருந்தாள். அதைக் கவிதையில் போட எவருக்கும் தோன்றாது. ஓலைச்சுவடிதான் தோன்றும்.

நரைத்த தாடி ஆண் எழுத்தாளருக்குக் கனம் கொடுக்கிறது. புத்தகத்தின் பின்னட்டையில் அந்தத் தாடியைப் போட்டு அட்டை வடிவமைத்தவள் நான். பெண் எழுத்தாளர் பத்து வருஷம் பழைய போட்டோவைக் கொடுத்தால் பின்னால் பேசிச் சிரிக்கிறவர்களும் எனக்குத் தெரிந்தவர்கள்தான்.

இந்த ஊரில் இன்னொரு கட்சியும் உண்டு. ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் போய்ப் பார்த்தால் தெரியும். கையால் செய்த சோப்பு, மூலிகைத் தைலம், எலுமிச்சை எண்ணெய், எல்லாம் இயற்கை, விலையும் டாலருக்குத் தகுந்த மாதிரி. ஒரு பெரியவர், நல்ல மனுஷர், ஆங்கிலப் புத்தகம் ஸ்கேன் செய்ய வருகிறவர், என் முகம் எரிந்துகொண்டிருந்த மாதங்களில் சொன்னார்: "நீ இந்தத் தோல் இல்லை அம்மா." நான் தோல் இல்லை என்பது சரியாகவே இருக்கட்டும். எரிகிறது எனக்குத்தானே? 1948 கடைசியில் ரமணருக்கு இடது முழங்கையில் கட்டி வந்தபோது ஆசிரமம் மருத்துவர்களைக் கூப்பிட்டது. 1949இல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது, ரேடியமும் வைத்தார்கள். உடம்பு நானல்ல என்று சொன்னவரே, உடம்புக்கு வைத்தியம் பார்க்கவந்தவர்களைத் திருப்பி அனுப்பவில்லை.

யூடியூப் சமையலறை வைத்தியர்களோ தினம் ஒரு வீடியோ. எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, தக்காளி, காபித்தூள். எலுமிச்சை கடுமையான அமிலம், சமையல் சோடா காரம். தோலின் இயல்பான நிலை இலேசான அமிலம், இரண்டும் அதைக் கெடுக்கிறது. எலுமிச்சை பூசிக்கொண்டு வெயிலில் போனால் கொப்புளமே வரும். கஸ்தூரி மஞ்சள் என்று கடையில் விற்கிற பொடி பல நேரம் கஸ்தூரி மஞ்சளே இல்லை, பூலாங்கிழங்கு. கோயில் வாசலில் விற்கிற குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த காலம் போய், சாயப்பொடி ஆகி எத்தனையோ வருஷம் ஆகிறது. நெற்றியில் வட்டமாக வெளுத்துப்போன பெண்களைப் பார்த்திருப்பீர்கள், ஸ்டிக்கர் பொட்டின் பசையிலிருக்கிற ரசாயனம் அது. இந்தியத் தோல் மருத்துவர்கள் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். இயற்கை, பாரம்பரியம் என்ற சொற்கள் ஒவ்வாமையைத் தடுக்காது. தோலுக்குத் தமிழ்ப்பற்று கிடையாது.

இத்தனையும் சொல்வதால் கம்பெனிக்காரர்கள் தப்பித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் மேல்தான் எனக்கு அதிகக் கோபம்.

'ஆன்டி-ஏஜிங்' என்ற சொல்லே பொய். வயதாவதற்கு எதிராக ஒரு க்ரீமும் கிடையாது. வெயில் செய்த சேதத்தைத் தடுக்கலாம், கொஞ்சம் சரிசெய்யலாம், அவ்வளவுதான். 'சென்சிடிவ் தோலுக்கு', 'ஒவ்வாமை தராதது' என்று லேபிளில் போட்டிருப்பதை நம்பி வாங்குகிறோம். அமெரிக்காவில் 1975இல் அரசு அந்தச் சொல்லுக்கு ஒரு விதி கொண்டுவந்தது: சோதித்துக் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று. இரண்டு அழகுப்பொருள் கம்பெனிகள் வழக்குப் போட்டு 1977இல் அந்த விதியை உடைத்தன. ஆகவே அது இன்றைக்கும் கம்பெனி சொல்கிற வாக்கு மட்டும்தான். இதற்கு நடுவில் பொருள் பட்டியலில் 'பர்ஃபியூம்' என்று ஒற்றைச் சொல் இருக்கும். அதற்குள் பத்து ரசாயனமும் இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம். ஒவ்வாமைக்கு முதல் காரணமே பெரும்பாலும் அந்த மணம்தான். மணமில்லாத க்ரீம் என்று கேட்டால் கடைக்காரர், "வாசனை இல்லாம எதுக்குக்கா?" என்பார்.

நயசினமைடு சீரம் என்று ஒன்று இப்போது பிரபலம். கண்ணாடிப் பாட்டில், சொட்டு ஊற்றும் குழாய், விஞ்ஞானம் மாதிரி ஒரு தோற்றம். அது வைட்டமின் பி3. 1975இல் ஃபேர் அண்ட் லவ்லி வந்ததே இந்த நயசினமைடை வைத்துத்தான். உங்கள் அம்மாக்களைக் கருப்பு என்று சொல்லி அழவைத்து விற்ற ட்யூபின் சரக்கு, 2020இல் அந்த க்ரீம் பெயர் மாற்றிக்கொண்டதற்குப் பிறகு, வேறு கம்பெனிகளின் பாட்டிலில் உங்களுக்கு அறிவாளித்தனமாக விற்கப்படுகிறது. வேடிக்கை என்னவென்றால் சரக்கு நல்ல சரக்கு. 4, 5 சதவீதம் இருந்தால் தோலின் ஈரத்தைக் காக்கும், கறையைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் போட்டி போட்டுக்கொண்டு 10 சதவீதம் என்று பாட்டிலில் எண்ணைப் பெரிதாக அச்சடிக்கிறார்கள். என் மாதிரித் தோலுக்கு அந்தப் பத்து எரியும். எனக்கு எரிந்தது. 600 ரூபாய் குப்பைக்குப் போனது.

சரி, எதுதான் வேலை செய்யும்? கவிதை வாசிக்க வந்தவர்களுக்கு இது சலிப்பாக இருக்கலாம். இருந்தாலும் சொல்கிறேன், உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்று ஒரு ஊர். அங்கே 55 வயதுக்குக் கீழே இருந்த 903 பேரைச் சீட்டுக் குலுக்குவது மாதிரிப் பிரித்து, ஒரு பாதியைத் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொன்னார்கள், மறு பாதியை அவர்கள் இஷ்டத்துக்கு விட்டார்கள். நாலரை வருஷம் கழித்துப் புறங்கைத் தோலை அச்செடுத்துப் பார்த்தார்கள். தினம் பூசியவர்களுக்கு மூப்பின் அடையாளம் 24 சதவீதம் குறைவு. 2013இல் வெளியான ஆய்வு. எஸ்பிஎஃப் 15 தான், தங்கம் கலந்ததில்லை, வைரத்தூள் கலந்ததில்லை. நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ் 2012இல் ஒரு லாரி ஓட்டுநரின் படத்தைப் போட்டது. 28 வருஷம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர். ஜன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தொங்கி, மடிப்பு விழுந்து, இன்னொரு மனிதரின் முகம் மாதிரி இருந்தது. கண்ணாடி வழியாகவும் வருகிற வெயில் செய்த வேலை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு 12 பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை மதியத்தில் இங்கே அடிக்கிற புற ஊதாக் கதிர், உலக அளவுகோலில் 'தீவிரம்' என்ற கடைசிக் கட்டத்தில் விழும். 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பௌர்ணமி இரவில் வைத்தவர்களுக்கு என் வந்தனம்.

என் தோல் மருத்துவர் முதல் மூன்று மாதம் எனக்கு இரண்டே பொருள்தான் எழுதினார். மணமில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், துத்தநாக ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீன். மாய்ஸ்சரைசர் ஒத்துக்கொள்ளாத நாட்களில் வெறும் வாசலின். 1872இல் காப்புரிமை வாங்கிய பொருள், தோலின் ஈரம் ஆவியாகாமல் தடுப்பதில் இன்றுவரை அதை மிஞ்சியது கிடையாது, மளிகைக் கடையில் கிடைக்கும். முகம் கழுவச் சாதாரணத் தண்ணீர். புதிதாக எதை வாங்கினாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்கு. மங்கு இருக்கிறவர்களுக்கு இலேசான நிறம் கலந்த சன்ஸ்கிரீன் நல்லது, அதிலிருக்கிற இரும்பு ஆக்ஸைடு கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் தடுக்கும். குடை, முந்தானை, கடைக்கு ஒரு பச்சை வலை. வலைதான் முதலில் வாங்கினேன்.

முகம் ஆறி ஏழெட்டு மாதம் கழித்துத்தான் ட்ரெட்டினாயின் எழுதினார், ஆகக் குறைந்த வீரியத்தில், வாரம் இரண்டு இரவு, மாய்ஸ்சரைசர் பூசி அதற்கு மேல். சுருக்கத்தைக் குறைக்கும் என்று ஒழுங்கான ஆய்வில் நிரூபணமான மருந்து இது. 1988இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு, 30 பேர், 16 வாரம். பூசியவர்களில் பெரும்பாலோருக்குத் தோல் சிவந்து உரிந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. அதனால்தான் சென்சிடிவ் தோல்காரர்கள் இதைத் தானாக வாங்கிப் பூசக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்கள் தொடவே கூடாது. விலை? ஒரு ட்யூப் சில நூறு ரூபாய், எனக்கு மூன்று மாதம் வரும். மால்களில் ஆயிரக்கணக்கில் விற்கிற ரெட்டினால் சீரம் இதன் வலுவில்லாத பங்காளி.

இந்த மருந்துக்குப் பின்னால் ஒரு அசிங்கமும் இருக்கிறது, சொல்லாமல் விட முடியாது. மேலே சொன்ன அதே கிளிக்மன்தான் இதைத் தோலுக்குக் கொண்டுவந்தவர். பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை கைதிகளின் தோலில் சோதனைகள் நடத்தினார். பெரும்பாலும் கருப்பினத்தவர்கள், கொஞ்சம் காசுக்கு முதுகைக் கொடுத்தவர்கள். ஆலன் ஹார்ன்ப்ளம் 1998இல் அதைப் புத்தகமாக எழுதினார். நகரம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது. இரவில் பட்டாணி அளவு எடுக்கும்போது சில நாள் அந்த முதுகுகள் நினைவுக்கு வரும். நினைவு வந்தாலும் பூசிக்கொள்கிறேன். இதற்கு என்னிடம் நியாயம் இல்லை.

உண்மையில் நான் இவ்வளவு நேரம் நோய், எரிச்சல், மருத்துவர் என்று பேசிக்கொண்டிருப்பதிலும் ஒரு கள்ளத்தனம் இருக்கிறது. உங்களிடம் அனுமதி வாங்குகிற மாதிரி. எனக்கு எரிச்சல் போனால் போதாது. நன்றாகவும் இருக்க வேண்டும். கண்ணாடியில் பார்க்கிறபோது பிடிக்க வேண்டும். 47 வயதில், ஒரு ஜெராக்ஸ் கடையில், சம்பாதித்த காசில் ஒரு ட்யூப். 350 ரூபாய் ட்யூப் முகத்துக்கும் கழுத்துக்கும் ஒழுங்கான அளவில் பூசினால் 40 நாள் வரும். நாளுக்கு ஒன்பது ரூபாய் கணக்கு, ஒரு டீயைவிடக் குறைவு. இதில் விழுவதற்கு அவ்வளவு ஆழம் இல்லை தம்பி.

ஆனால் அந்த ஒன்பது ரூபாயும் எல்லோர் கையிலும் இல்லை, அங்கேதான் அரசு வருகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியைக் குறைத்தார்கள். டால்கம் பவுடர், முகப் பவுடர், ஷாம்பு, தலைக்கு எண்ணெய் எல்லாம் 5 சதவீதம். சன்ஸ்கிரீன் 18 சதவீதத்திலேயே இருக்கிறது. அழகுப்பொருளாம். முகத்தை வெள்ளையாகக் காட்டுகிற பவுடருக்கு ஐந்து, வெயிலைத் தடுக்கிற க்ரீமுக்குப் பதினெட்டு. என் 350இல் 53 ரூபாய் வரி. ஆஸ்திரேலியாவில் எஸ்பிஎஃப் 15ம் அதற்கு மேலும் உள்ள சன்ஸ்கிரீனுக்கு ஜிஎஸ்டியே கிடையாது. ஒரு ரூபாய் பாக்கெட்டில் ஷாம்புவை கிராமம் கிராமமாகக் கொண்டுபோகக் கற்றுக்கொடுத்ததே நம் கடலூர்தான், சிக் ஷாம்பு தொடங்கி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் தெரு மளிகைக் கடைச் சரத்தில் ஷாம்பு தொங்குகிறது, தலைச்சாயம் தொங்குகிறது, சிவப்பழகு க்ரீம் தொங்குகிறது. சன்ஸ்கிரீன் தொங்கி நான் பார்த்ததில்லை. நூறு நாள் வேலை என்று ஒன்று வந்தது. ஏரி வெயிலில் நிற்கிற முகத்துக்கு என்ன கொடுப்பது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

ஆருத்ரா தரிசனம் முடிந்து தீப மை கொடுக்கத் தொடங்கிய நாட்களில் கவிஞர் திரும்ப வந்தார். நெற்றியில் மை. இன்னும் 40 பிரதி வேண்டும் என்றார். நான் பிரிண்ட் போட்டுக்கொண்டிருந்தபோது போனை நீட்டினார். ஒரு பெண்மணியின் முகம். இரண்டு கன்னமும் சிவந்து, மேலே பொரிப்பொரியாக.

"அம்மாக்கா. மங்குக்கு மூணு வருஷமா ஏதோ போட்டுனு இருக்காங்க. இப்ப வெளிய வந்தாலே எரியுதுன்றாங்க. வேலைக்குப் போறதில்ல."

"ட்யூப் இருக்கா?"

அடுத்த படத்தைக் காட்டினார். பெரிதாக்கிப் பார்த்தேன். மொமெட்டசோன்.

"இது ஸ்டீராய்டு தம்பி" என்றேன். என் குரலும் அந்த மருத்துவர் குரல் மாதிரியே இருந்தது. "ஆனா இன்னிக்கே நிறுத்திடாதீங்க, தீ மாதிரி எரியும். ட்யூபோட அரசு மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டினு போங்க. தோல் ஓபி. காலைலயே போய்டணும், கூட்டம் இருக்கும். அது வரைக்கும் சோப்பு வேணாம், மஞ்சள் வேணாம். வாசலின் வாங்கிக் குடுங்க."

"எவ்ளோ நாள் ஆகும்க்கா?"

"எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

அவர் என் கன்னத்தை அப்போதுதான் முதல்முறையாக ஒழுங்காகப் பார்த்தார். பிறகு மவுஸ் பக்கத்தில் கிடந்த ட்யூபை எடுத்து, முன்பக்கமும் பின்பக்கமும் இரண்டு போட்டோ எடுத்துக்கொண்டார். 40 பிரதிக்கான காசை எண்ணி வைத்தார். கலர் அட்டைக்கு மட்டும் பாக்கி, அடுத்த வாரம் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.